பழைய கட்டடத்தில் சுருட்டுக் கடையும் லவுஞ்சும்: எந்தச் சாதனத்துக்குக் காசு கொடுக்கலாம், எதை ஒதுக்கலாம்

சுருட்டுக் கடை வைக்கப் பழைய கட்டடம் தேடுகிறவர்களைக் கவர்வது உயரமான கூரை, தடித்த செங்கல் சுவர், மர உத்திரம், மூலையில் ஒரு புகைபோக்கி. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அதற்குள் வரப்போகும் இரண்டு அறைகளுக்கும் தேவை நேர் எதிரானது. சுருட்டுகளை அடுக்கி வைக்கும் ஹியூமிடார் அறை, காற்றையும் ஈரத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். புகைக்கும் லவுஞ்ச், காற்றை நிற்கவே விடாமல் வெளியே தள்ள வேண்டும். பழைய கட்டடமோ எல்லா இடுக்கிலும் கசியும். தள்ள வேண்டிய இடத்தில் குழாய் போக வழி இருக்காது. சந்தையில் கிடைக்கும் பொருள்களையும் சாதனங்களையும் இந்த ஒரே அளவுகோலில்தான் இங்கே எடைபோட்டிருக்கிறோம். தோல் சோபாவும் பித்தளை விளக்கும் அவரவர் ரசனை, அதில் தலையிடவில்லை.

சாதனங்களுக்கு முன்னால் அனுமதி. உள்ளரங்கில் புகைப்பதைப் பல நாடுகள் முழுமையாகத் தடை செய்திருக்கின்றன. சில இடங்களில் புகையிலைக் கடைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் தனிக் காற்றோட்டம், தனிக் கட்டடம், விற்பனையில் புகையிலையின் பங்கு என்று நிபந்தனைகளோடு வரும். கட்டடம் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: கூரையில் எக்ஸாஸ்ட் வாய் வைக்கவோ வெளிச்சுவரில் துளை போடவோ தனி அனுமதி வேண்டும். புகை உரிமம் கிடைத்து, கூரைத் துளைக்கு அனுமதி கிடைக்காவிட்டால் லவுஞ்ச் இல்லை. இரண்டு தாளும் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். காற்றோட்டம் புகைமூட்டத்தையும் நாற்றத்தையும் குறைக்கும். பிறர் விடும் புகையால் வரும் உடல்நலக் கேட்டை நீக்காது. காற்றோட்டப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் அதிகாரப்பூர்வ நிலைப்பாடே இதுதான். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். ஊழியர் நாள் முழுக்க இருக்கிறார். ஆகவே பில் போடும் மேசை லவுஞ்சுக்குள் இருக்கக் கூடாது. கடைப் பக்கத்திலிருந்து கண்ணாடி வழியே பார்க்கிற மாதிரி வைத்தால் போதும்.

ஹியூமிடார் அறையின் சுவர்

சுருட்டுக்கு 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் வேண்டும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். 20 டிகிரியில் 70 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை 14.4 டிகிரி. சுவரின் உட்பரப்பு அதற்குக் கீழே குளிர்ந்தால் தண்ணீர் வழியும். அதைவிட மோசமானது அதற்கு முன்னாலேயே நடக்கிறது: சுவர் வெறும் இரண்டு டிகிரி குளிர்ந்து 18 டிகிரியில் இருந்தாலே, சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும். பூஞ்சணம் பிடிக்க அது போதும். குளிர்காலத்தில் ஒரு பழைய வெளிச்சுவர் இரண்டு டிகிரி குளிராமல் இருக்கவே இருக்காது. மரப்பலகைக்குப் பின்னால் நடப்பதால் கண்ணுக்கும் தெரியாது. மக்கிய வாடை வரும்போதுதான் தெரியும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, செங்கல் சுவரில் சட்டம் அடித்து, ஈர ஆவியைத் தடுக்க 0.15 மி.மீ. பாலித்தீன் தாளை ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறவிட்டு ஒட்டி, அதன்மேல் பலகை அடிப்பது. குளிர் நாட்டில் தாள் அறைப் பக்கம் இருக்க வேண்டும். வெக்கையும் ஈரமும் உள்ள ஊரில் ஆவி வெளியிலிருந்து உள்ளே தள்ளும், ஆகவே தாள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு பருவமும் மாறி வரும் ஊரில் எந்தப் பக்கம் போட்டாலும் ஆறு மாதம் தவறாக இருக்கும். பழைய சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரமும் தாளுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஆணியும் தாளில் ஒரு துளை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த முறையைப் பழைய கட்டடத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

காசுக்கு மதிப்புள்ளது கோல்டு ரூம் பேனல். குளிர்பதனக் கிடங்குகளில் பயன்படும் அதே பேனல்தான்: இரு பக்கமும் தகடு, நடுவில் 60 முதல் 100 மி.மீ. பாலியூரிதேன் அல்லது பிஐஆர் நுரை, விளிம்பில் பூட்டும் கொக்கி. இரு முகமும் ஆவி புகாதவை என்பதால் தாள் எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது. பழைய சுவரைத் தொடாமல், 50 மி.மீ. இடைவெளி விட்டுத் தனிப்பெட்டியாக நிறுத்தலாம். அந்த இடைவெளிக்கு மேலும் கீழும் காற்று போக வழி விட்டால் செங்கல் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும். பின்னாளில் கழற்றி எடுத்தாலும் கட்டடத்துக்குக் கீறல் இல்லை; பாரம்பரியக் கட்டட அதிகாரிகளுக்கு இது பிடித்தமான வாதம். தெர்மோகோல் நடுவுள்ள மலிவான பேனலைத் தவிர்க்கவும். தீயில் அது உருகிச் சரியும். தரைக்கும் பேனல் வேண்டும். அதை மறப்பவர்கள் அதிகம், ஈரம் கீழ்வழியே வெளியேறும்.

கதவு, வெளிக்கதவுத் தரத்தில் ரப்பர் கேஸ்கெட்டும், மூடும்போது தானாக இறங்கி அடி இடுக்கை அடைக்கும் பட்டையும், கதவைத் தானே சாத்தும் குளோசரும் கொண்டதாக இருக்கட்டும். கண்ணாடி இரட்டை அடுக்கு. ஹியூமிடார் கதவு கடைக்குள் திறக்க வேண்டும், லவுஞ்சுக்குள் ஒருபோதும் திறக்கக் கூடாது. அப்படித் திறந்தால் ஒவ்வொரு முறையும் லவுஞ்சின் எக்ஸாஸ்ட் ஹியூமிடாரின் ஈரத்தை உறிஞ்சும்; கதவருகே சுழலும் புகை உள்ளே நுழைந்து, எரிக்காத சுருட்டிலும் சாம்பல் வாடையைப் படியவைக்கும்.

மரம்

உட்சுவர்ப் பலகைக்கு ஸ்பானிஷ் சீடர் என்று விற்பது உண்மையில் சீடர் இனமே அல்ல. செட்ரெலா ஓடோராட்டா என்ற, வேம்பும் மகோகனியும் அடங்கிய குடும்பத்து மரம். ஈரத்தை வாங்கி மெல்லத் திருப்பிக் கொடுக்கும், மணம் மென்மையானது. 2020 ஆகஸ்ட் முதல் இந்த இனம், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இறக்குமதி செய்யும்போது ஆவணம் கேளுங்கள். துணி அலமாரிக்குப் போடும் செந்நிற அரோமாட்டிக் சீடரைக் கடைக்காரர் மாற்றாகக் காட்டினால் வாங்காதீர்கள். அதன் எண்ணெய் வாசனை ஒரு மாதத்தில் சுருட்டில் ஏறிவிடும்.

ஒன்றின் விளிம்பு அடுத்ததன் பள்ளத்தில் செருகும் 6 முதல் 10 மி.மீ. நாக்குப் பள்ளப் பலகை போதும். வார்னிஷ், எண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு ஆணி, வாடையில்லாத நீர்ம மரப்பசை. மூலைகளில் சிலிக்கான் அடிப்பதென்றால் வினிகர் வாடை வரும் ரகம் கூடாது, நியூட்ரல் கியூர் என்று டியூபில் போட்டிருப்பதை எடுக்கவும்.

பலகை வேலையில் அடிக்கடி கெடுவது ஒன்றுதான். கடையிலிருந்து வரும் பலகையின் ஈரம் 8 சதவீதம் இருக்கும். 70 சதவீத ஈரப்பதத்தில் அது 13 சதவீதத்தில் போய் நிற்கும். அந்த ஐந்து சதவீதத்துக்கு 100 மி.மீ. அகலப் பலகை ஏறக்குறைய ஒரு மி.மீ. உப்பும். நெருக்கி அடித்திருந்தால் நான்கு மீட்டர் சுவரில் நாற்பது மி.மீ. எங்கே போகும்? சுவர் வயிறு தள்ளி நிற்கும். பலகைக்குப் பலகை ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. இடம் விட்டு, ஒரு விளிம்பில் மட்டும் ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். 4 மீட்டருக்கு 4 மீட்டர், 2.5 மீட்டர் உயர அறையில் காற்று 40 கன மீட்டர். அதில் அடங்கியுள்ள நீர் வெறும் அரை லிட்டர். ஆனால் 50 சதுர மீட்டர் பரப்பில் 10 மி.மீ. பலகை என்றால் சுமார் 225 கிலோ மரம். அது குடிக்கும் தண்ணீர் 11 லிட்டர். மரம் குடித்து முடிக்கும்வரை அறை நிலைக்கு வராது. இரண்டு வாரம் காலி அறையை ஓடவிட்ட பிறகே சரக்கை உள்ளே வைக்க வேண்டும். அவசரப்பட்டு வைத்தால் மரம் சுருட்டிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சுருட்டின் வெளியே சுற்றிய மேலிலை வெடிக்கும்.

ஈரமூட்டும் சாதனங்கள்

ஓரளவு இறுக்கமான அறையில் மணிக்குப் பாதி அளவு காற்று கசிந்து மாறுகிறது என்று வைத்தால்கூட, வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நாளில் இழப்பு மணிக்கு 80 கிராம் அளவு, நாளொன்றுக்கு இரண்டு லிட்டர். கதவு திறப்பைச் சேர்த்தாலும் மணிக்கு அரை லிட்டர் திறனுள்ள சாதனம் தாராளம். பெரிய இயந்திரம் வாங்கினால் ஐந்து நிமிடத்தில் ஈரம் எகிறி நின்றுவிடும், பிறகு இறங்கும், மறுபடி எகிறும். சுருட்டுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் கெடுதல்.

அல்ட்ராசோனிக் ரகம் மலிவு, சத்தமில்லை. ஆனால் அது தண்ணீரை ஆவியாக்குவதில்லை, துளிகளாகத் தூவுகிறது. தண்ணீரில் உள்ள உப்பும் சேர்ந்தே பறக்கும். லிட்டருக்கு 300 மி.கி. உப்புள்ள குழாய்த் தண்ணீரை நாளுக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால், வருடத்துக்கு 200 கிராமுக்கு மேல் வெள்ளைப் பொடி பெட்டிகள்மேல் படியும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுவோம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கே இது சரி. அட்டை நனைந்து விசிறியில் ஆவியாகும் ரகம் எங்கள் தேர்வு. உப்பு அட்டையிலேயே தங்கிவிடும், துளி விழாது, ஈரம் ஏற ஏற அதுவாகவே வேகம் குறையும். அட்டையை மட்டும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் இன்னும் தாங்கும்.

ஈரம் குறைந்தால் கொடுத்து, கூடினால் உறிஞ்சும் போவேடா போன்ற இருவழி ஈரப்பத உறைகள் நம்பகமானவை, ஆனால் இடம் அறிந்து வைக்க வேண்டும். 60 கிராம் உறை ஒன்று 25 சுருட்டுக்கு என்பது கணக்கு. பத்தாயிரம் சுருட்டுள்ள அறைக்கு 400 உறை, அர்த்தமில்லை. மேசைக் கண்ணாடிப் பெட்டிக்கும், உறுப்பினர்கள் தங்கள் சுருட்டை வைக்கும் லாக்கருக்கும் அவை அருமை. லாக்கர்களை லவுஞ்சில் வரிசையாக வைப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஹியூமிடார் அறைக்குள் வைப்பதே சரக்குக்கு நல்லது.

சாதாரண ஸ்பிளிட் ஏசியை ஹியூமிடாருக்குள் மாட்டவே கூடாது. அதன் குளிர்ச்சிச் சுருளான காயில் (coil) 5 முதல் 10 டிகிரியில் ஓடுகிறது, பனிநிலை 14.4. ஓடும் நேரமெல்லாம் அறையின் ஈரத்தைப் பிழிந்து வெளியே ஊற்றும். ஈரமூட்டும் ஹியூமிடிஃபையர் மறுபுறம் ஊற்றிக்கொண்டே இருக்கும். இரண்டும் சண்டை போட, மின்கட்டணத்தை நீங்கள் கட்டுவீர்கள். சுற்றியுள்ள கடையை 20 டிகிரியில் வைத்திருந்தால் ஹியூமிடார் தானாக அதே நிலையில் நிற்கும். உள்ளே வெப்பம் தருவது விளக்கு மட்டுமே; எல்இடிக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டியை வெளியே மாட்டிவிட்டால் அதுவும் குறைந்துவிடும். தனிக் குளிர்ச்சி தவிர்க்க முடியாதென்றால், பெரிய காயில் கொண்ட ஒயின் அறைக் குளிர்விப்பான் ஓரளவு தேறும்.

ஈரப்பத அளவி ஒன்று போதாது. மேல், கீழ், தூர மூலை என்று குறைந்தது மூன்று வேண்டும், ஹியூமிடிஃபையர் வாய்க்கு நேரே எதுவும் வேண்டாம். வாங்கியதும் சோதியுங்கள்: மூடியில் உப்பைக் குழைத்து, அளவியோடு காற்றுப் புகாத பையில் 12 மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது, ஈர மணல்போல் இருக்க வேண்டும்.

வெப்பம் 25 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். புகையிலை வண்டின் முட்டைகள் பொரியத் தொடங்கும், மேலிலையில் ஊசித்துளை தெரியும்போது பக்கத்துப் பெட்டிகளுக்கும் பரவியிருக்கும். புதுச் சரக்கை உறையில் இறுக மூடி, கழித்தல் 20 டிகிரியில் மூன்று நாள், பிறகு சாதாரணக் குளிர்பெட்டியில் ஒரு நாள், பிறகே அறைக்கு. ஆகவே கட்டும்போதே பின்னறையில் ஒரு ஃப்ரீசருக்கு இடமும் மின்இணைப்பும் ஒதுக்குங்கள்.

லவுஞ்ச்: எக்ஸாஸ்ட்தான் எல்லாம்

புகைக்கும் லவுஞ்சுக்கு ஆளுக்கு நொடிக்கு 30 லிட்டர் வெளிக்காற்று என்று 1989 ஆஷ்ரே தரம் சொன்னது. இருபது இருக்கைக்கு 600 லிட்டர், அதாவது மணிக்கு 2160 கன மீட்டர். 60 சதுர மீட்டர் தளம், 4 மீட்டர் கூரை என்றால் மணிக்கு ஒன்பது முறை காற்று மாறும். சத்தமில்லாமல் இதை இழுக்க 400 மி.மீ. விட்டமுள்ள டக்ட், அதாவது காற்றுக்குழாய், வேண்டும். பழைய கட்டடத்தில் அதற்கு வழி எங்கே என்பதை வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எல்லோருக்கும் தோன்றுவது பழைய புகைபோக்கி. 225 மி.மீ. சதுரமுள்ள புகைபோக்கியில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 250 லிட்டர்தான் போகும். அதிலும் பழைய சாந்து உதிர்ந்து மேல்மாடிக்குள் கசியும். கட்டாயம் எஃகு உள்குழாய் இறக்க வேண்டும். 200 மி.மீ. குழாய் இறக்கினால் மிஞ்சுவது 157 லிட்டர், ஐந்து பேருக்கான காற்று. வேகத்தைக் கூட்டினால் அறை முழுக்க இரைச்சல். புகைபோக்கியைத் துணைவழியாகப் பயன்படுத்தலாம், முழுவழியாக நம்ப முடியாது.

மின்விசிறியைக் கூரை முனையில் வைக்கச் சொல்லுங்கள், அறை முனையில் அல்ல. கூரையில் இருந்தால் டக்ட் முழுக்க உறிஞ்சும் அழுத்தத்தில் இருக்கும். இணைப்பில் இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும். அறை முனையில் இருந்தால் அதே இடுக்கு வழியே மேல்வீட்டுக்குப் புகை போகும்.

உள்வரும் காற்று, வெளியேறுவதைவிடப் பத்து சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறந்தாலும் காற்று லவுஞ்சை நோக்கிப் போகும். புதுக்காற்று தரையருகே மெதுவாக வரட்டும், எக்ஸாஸ்ட் கூரையில் இருக்கட்டும். சூடான புகை மேலே தேங்க, உட்கார்ந்தவரின் தலைக்குக் கீழே காற்று தெளிவாக இருக்கும். பழைய கட்டடம் தரும் ஒரே பெரிய கொடை அந்த நாலு மீட்டர் உயரம்தான். ஏசி செலவு குறையும் என்று ஃபால்ஸ் சீலிங் போட்டு அதை மறைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

உறிஞ்சும் அறைக்கு ஒரு அபாயமும் உண்டு. அதே கட்டடத்தில் கேஸ் கீசரோ கணப்போ இருந்தால், அதன் புகையை எக்ஸாஸ்ட் பின்னோக்கி இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அவற்றை மின்சாரத்துக்கு மாற்றுவது அல்லது வெளிக்காற்றை நேரே எடுக்கும் மூடிய ரகம் போடுவது கட்டாயம். சுருட்டே மோனாக்சைடு நிறைய விடும் என்பதால் லவுஞ்சில் அதற்கான மீட்டர் வேண்டும்; எட்டு மணி நேரச் சராசரி 9 பிபிஎம் தாண்டினால் காற்று போதவில்லை.

வெளியே 35, உள்ளே 24 டிகிரி என்றால், உள்வரும் காற்றைக் குளிர்விக்க மட்டும் ஏழு கிலோவாட் போகும். காற்றில் ஈரமும் மிகுந்திருந்தால் இரண்டு மடங்குக்கு மேல். அதனால், வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்வரும் காற்றுக்கு மாற்றும் வெப்பமீட்பு அமைப்பு விற்க வருவார்கள். சுழலும் சக்கர ரகம் வேண்டாம். வெளியேறும் காற்றில் கொஞ்சம் சக்கரத்தோடு ஒட்டி உள்ளே வரும், வாடையும் வரும். தகடு ரகம் பரவாயில்லை, முன்னால் வடிகட்டி இருந்தால். இல்லாவிட்டால் தகட்டில் தார் படியும். இரண்டு காயில்களைக் குழாயால் இணைத்து நீர் சுழலவிடும் ரகத்தில் இரு காற்றும் சந்திக்கவே சந்திக்காது. திறன் சற்றுக் குறைவு. லவுஞ்சுக்கு அதுவே சிறந்தது.

காற்றுச் சுத்திகரிப்பான்கள் எதுவும் எக்ஸாஸ்டுக்கு மாற்றல்ல. எலக்ட்ரோஸ்டாட்டிக் ரகம் துகள்களை மின்னூட்டிய தட்டுகளில் நன்றாகப் பிடிக்கும். தட்டுகளில் பழுப்புப் பிசின் ஏறியதும் திறன் சரியும், ஆகவே வாரம் ஒருமுறை கழுவ ஆளும், தட்டு மூழ்கும் அளவு தொட்டியும் உண்டா என்று யோசித்து வாங்குங்கள். நுண்துகள் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி தாரில் சீக்கிரம் அடைபடும். கார்பன் வாடையைப் பிடிக்கும், ஆனால் மெல்லிய தாளில் தூவிய கார்பன் ஏமாற்று. எத்தனை கிலோ என்று கேளுங்கள். ஓசோன் இயந்திரத்தை ஆள் இருக்கும் அறையில் ஓட்டவே கூடாது. நுரையீரலுக்குக் கேடு, இருக்கைத் தோலும் ரப்பரும்கூட வெடிக்கும்.

மின்விசிறி வேகத்தைக் கார்பன் டை ஆக்சைடு சென்சாரால் கட்டுப்படுத்த முன்மொழிந்தால் மறுத்துவிடுங்கள். மூன்று பேர் உட்கார்ந்து மூன்று பெரிய சுருட்டு பற்றவைத்தால் அந்த சென்சார் அறை காலி என்று நினைக்கும். காற்றில் உள்ள நுண்துகளை அளக்கும் பிஎம் 2.5 சென்சார் பொருத்தினால் சரி. தீ எச்சரிக்கைக்குப் புகை டிடெக்டர் இங்கே ஓயாமல் அலறும். 57 டிகிரி வெப்ப டிடெக்டரைத் தீயணைப்புத் துறை ஒப்புதலோடு பொருத்த வேண்டும். அலறல் தாங்காமல் டிடெக்டருக்கு உறை மாட்டி வைப்பதுதான் நடக்கக் கூடாதது.

பழைய வண்ணத்தைச் சுரண்டுமுன் ஈயம் இருக்கிறதா, குழாய்ச் சுற்றிலும் தரை ஓட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பரிசோதனை செய்துவிடுங்கள். செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். சிமென்ட் பூசினால் ஈரம் அடைபட்டுச் செங்கல் பொரியும். திரைச்சீலையும் கம்பளமும் வாடையைத் தேக்கும், தோலும் கல்லும் துடைத்தால் போகும். சுவிட்ச் பெட்டி, குழாய்த் துளை, மாடிப் பலகை இடுக்கு எல்லாவற்றையும் அடைப்பதில் ஒரு முழு வாரம் செலவானாலும் தகும். மேல்வீட்டார் புகார் வருவது பெரும்பாலும் இந்த வழிகளில்தான்.

ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கொடுக்குமுன் மூன்று சோதனை. எக்ஸாஸ்ட் கிரில் ஒவ்வொன்றிலும் காற்றை அளந்து, கூட்டினால் 600 லிட்டர் வருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். எக்ஸாஸ்ட் ஓடும்போது லவுஞ்ச் கதவிடுக்கில் ஊதுவத்தியைப் பிடியுங்கள், புகை உள்நோக்கிச் சாய வேண்டும். தெருக்கதவைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள், பலர் இதில்தான் தோற்கிறார்கள். ஹியூமிடாரில் மூன்று அளவியின் பதிவும் ஏழு நாளுக்கு மூன்று சதவீத வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். வடிகட்டிகளின் அளவு, தரம், மாற்றும் கால இடைவெளி எழுதிய தாளையும் அதே நாளில் கேட்டு வாங்கி, விசிறியின் ஸ்விட்ச்போர்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.